உப்பு வைத்திருந்த கப்பல் கோப்பை

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நலம். நேற்று மாப்பிள்ளையும் என் மகளும் போனில் பேசினார்கள். பேரனுக்கு மேல்பல் முளைத்துவிட்டதாமே. எங்கள் குடும்பத்துப் பல்தான், வரிசையாக வரும் பாருங்கள்.

உங்கள் சமையலறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த உப்புக் கோப்பை மனதை உறுத்துகிறது. "காது உடைஞ்ச கோப்பை எதுக்கு, நான் புது ஜாடி வாங்கித் தர்றேன்" என்றேனே, அது முழு உண்மை இல்லை. அது அந்தக் காலத்துப் பயணிகள் கப்பலில் நினைவுப் பொருளாக விற்றது. மேலே வரைந்திருந்த கப்பல் கம்பெனிக் கொடியைப் பார்த்ததுமே கண்டுகொண்டேன். என் அலமாரியில் எத்தனையோ கப்பல்களின் தட்டும் கிண்ணமும் இருக்கின்றன, இந்தக் கப்பலுடையது மட்டும் இல்லை. ஆசை வெட்கம் அறியாது. அடி வரை தேய்த்துப் பளபளவென்று நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றால்தான் அது என்னுடையது.

உங்கள் சம்பந்தி

மார்ச் 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கப்பல் கோப்பை என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் அந்தக் கப்பலில்தானே வேலை பார்த்தார். முதல் பயணம் முடிந்து வரும்போது எனக்கென்று வாங்கி வந்தது. உங்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. அடியில் சிவப்புப் பெயிண்டில் என் பெயரின் முதல் எழுத்தை அவரே எழுதியிருப்பார், கோணல்மாணலாக. அவர் கையால் எழுதியது என்று வீட்டில் வேறெதுவும் மிஞ்சவில்லை. அதை மட்டும் பெரிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

மாப்பிள்ளையைப் பெற்றவள்,
உங்கள் சம்பந்தி

ஏப்ரல் 2

சம்பந்தி அம்மா,

அந்த எழுத்து இப்போது இல்லை. எவனோ கடைக்காரன் போட்ட குறி என்று நினைத்து, நகச்சாயம் அழிக்கிற மருந்தைத் தொட்டுத் துடைத்தவள் நான்தான். பஞ்சு சிவந்ததைப் பார்த்துச் சந்தோஷம் வேறு பட்டேன்.

நேற்று சிவப்புப் பெயிண்ட் வாங்கி நானே எழுதிப் பார்த்தேன். கோணலாக, நன்றாகவே வந்தது. அதுதான் பொறுக்கவில்லை. துடைத்துவிட்டேன். கோப்பையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்ன திட்டினாலும் தகும்.

உங்கள் சம்பந்தி

ஏப்ரல் 20

சம்பந்திக்கு,

கோப்பை உடையாமல் வந்தது. மகனிடமும் மருமகளிடமும் எதுவும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். குழந்தை நன்றாக இருக்கிறான்.

எனக்கு இப்போது கண் மங்கல். உங்கள் கடிதத்தையே பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். நீங்கள் எழுதியதைத் துடைக்காமல் விட்டிருக்கலாம். அவர் எழுத்தென்றே நம்பியிருப்பேன்.

மாப்பிள்ளையின் அம்மா