ஞாயிறு நான்கு மணி

டிசம்பர் 1, ஞாயிறு

குளிர் வந்துவிட்டது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் விரலால் தேதி எழுதினேன், மத்தியானம் வரை அழியவில்லை.

நான்கு மணிக்கு அக்காவுக்குப் போன் — 38 நிமிடம். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பட்டியலில் ஒன்பது விஷயம், ஏழு முடிந்தது. தபால்காரர் கையுறையில் ஒரு விரலை மட்டும் வெட்டிவிட்டிருப்பது. அகராதியில் நான் 'ம' வரிசையைப் படித்து முடித்தது. எதிர்வீட்டு நாய்க்குக் கோட்டு போட்டிருப்பது பற்றி என் கருத்து: போடட்டும், தப்பில்லை. ஆனால் பொத்தானை வயிற்றில் வைத்தால் அது எப்படிப் படுக்கும்? அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நடுவில் யாரோ தும்மின சத்தம். டிவி என்றாள்.

எட்டாவதோடு நின்றவளின் பேச்சை உட்கார்ந்து கேட்க ஒருத்தி இருக்கிறாளே. காலைப் பிரார்த்தனையில் இதற்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். வாய்தான் சொல்கிறது.

டிசம்பர் 4, புதன்

வாலாட்டும் குருவி மூன்று நாள் கழித்து பால்கனிக்கு வந்தது. பட்டியலில் சேர்த்தாயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு

51 நிமிடம். இதுவரை இதுதான் அதிகம்.

சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால், "நீ தனியாத்தானே இருக்க?" என்று கேட்டேன். "தனியாத்தாண்டி இருக்கேன், சொல்லு" என்றாள்.

மூன்று மாதமாகப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் எதிரே யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஒரு நாள் தவறவில்லை, ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன், குறித்தும் வைக்கிறேன். ஆனால் போன் மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காத வீடு மாதிரி. முப்பது வருஷமாக எடுத்த கை எங்கே போயிற்று? இதைச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என் துக்கத்துக்கு அவளும் கலங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

மனசு லேசாக இருக்கிறது.

டிசம்பர் 14, சனி

அக்காவின் மருமகள் வந்திருந்தாள். இந்த ஊரில் ஏதோ நேர்முகத் தேர்வாம். கல்யாணத்தன்று பார்த்தது, நல்ல பெண். சூடாகக் குடிக்கக் கொடுத்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நேர்ல உங்க குரல் வேற மாதிரி இருக்கு சித்தி, ஸ்பீக்கர்ல கொஞ்சம் கீச்சுன்னு கேக்கும்" என்றாள்.

எந்த ஸ்பீக்கர்?

எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள், பாவம். ஞாயிறு நாலு மணிக்கு எல்லோரும் ஹாலில் கூடிவிடுவார்களாம். அத்தான், பையன், சில வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. "சத்தம் போடாதீங்க, நியூஸ் ஆரம்பிக்கப் போகுது" என்பாளாம் அக்கா. நாய்க் கோட்டைப் பற்றி அந்த வாரம் பூராவும் பேச்சாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போன வாரம்தான் மாமா கொஞ்சம் ஓவரா போயிட்டாரு. கடவுளே லைன்ல இல்லையாம்னு…" என்று இழுத்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் மேல் கோபம் இல்லை.

நோட்டைப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அக்டோபர் 13: டம்ளர் உருண்டது, பூனை என்றாள். அக்கா வீட்டில் ஏது பூனை? நவம்பர் 3: நாற்காலி இழுபட்டது, மேல்வீடாம். மேல்வீடே கிடையாது, மொட்டை மாடி. ஒன்று விடாமல் எழுதி வைத்தவளுக்குப் புத்தி எங்கே போச்சு?

அன்றைக்கு அவள் பேசாமல் இருந்தது கலங்கியா? வாயைப் பொத்திக்கொண்டா?

டிசம்பர் 15, ஞாயிறு

கேட்டேவிட்டேன். "அட, எல்லாருக்கும் உன் பேச்சுன்னா உசுருடி. உனக்குப் பெருமைதானே?" என்றாள்.

"நான் அழுததுமா?"

"நீ சொல்ற விதம் அப்படி இருக்கு, நான் என்ன பண்ண?"

4 நிமிடம்.

டிசம்பர் 18, புதன்

இவரிடம் பிரார்த்தனை விஷயம் உட்பட எல்லாம் சொன்னேன், அத்தானிடம் சண்டைக்குப் போவார் என்று பயந்துகொண்டே. நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "மூணு மாசமா இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். கேட்க மாட்டார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

நாலு மணிக்கு மணி அடித்தது. எடுக்கவில்லை. எடுக்காத வீடு நான்.

டிசம்பர் 27, வெள்ளி

பழக்கம் விடமாட்டேன் என்கிறது. பட்டியல் பாட்டுக்கு நீள்கிறது. குருவிக்குத் துணை வந்திருக்கிறது. நாய்க்குப் புதுக் கோட்டு, பொத்தான் முதுகில். யாரிடம் சொல்வேன்?

ஜனவரி 5, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள், எடுத்தேன். எவ்வளவு நாள் எடுக்காமல் இருப்பது, கூடப் பிறந்தவள். குளிர் எப்படி என்றாள், அதிகம் என்றேன். இருமல் குறைந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது.

"வேற என்னடி?"

"வேற ஒண்ணும் இல்லக்கா."

3 நிமிடம்.

போனை வைத்துவிட்டுப் பட்டியலோடு உள்ளறைக்குப் போய், பிரார்த்தனைக்கு உட்காரும் பாயில் உட்கார்ந்தேன். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன்: குருவி ஜோடி, தபால்காரர் மறு கையுறையிலும் விரலை வெட்டிவிட்டது, முதுகுப் பொத்தான். அதற்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதவருகே இவர் வந்து நின்றிருந்தார். வந்த சத்தம் கேட்டது, நான் நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்துப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

42 நிமிடம். எதிரே ஆள் இருக்கிறதா என்று இன்று கேட்கவில்லை.