கோணிக்கு அடியில் ஒரு விண்மீன்

அக்கா,

இன்று காலை மணவாள நகர் ரேஷன் கடையில் அரிசி மூட்டைகளை இறக்கினார்கள். வெயிலில் காய்ந்த கோணியின் வாசனை மூக்கில் ஏறியதும் வரிசையை விட்டு விலகி நின்றுவிட்டேன். பின்னால் இருந்த பெண், "இன்னா மேடம், தலை சுத்துதா?" என்றாள். தலை சுற்றவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில், வெள்ளைப் பெட்டி ஒன்றின்மேல் கோணிகளைப் போர்த்தி, அதன்மீது சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். ஹைதராபாதில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்னம் என்கிற விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றோடு ஜோடி சேர்ந்து சுற்றுகிறது, அந்த ஏதோ ஒன்று நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சுகிறது, விழுகிற வாயு கொதித்து எக்ஸ் கதிர்களைக் கக்குகிறது என்று பேசிக்கொண்டோம். கருந்துளையாக இருக்குமோ? கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கும். அந்தக் கதிர்களைக் காற்று மண்டலம் தரைக்கு விடாது. அதனால் ராட்சத பலூனில் கருவியைக் கட்டி உயரே அனுப்பினோம். அதற்குள் நான் பற்றவைத்த கம்பிகள் இருந்தன. எத்தனை கதிர் விழுந்தது என்பது வானொலி வழியே எங்களுக்கு வந்துவிடும். கருவி அப்போது எந்தத் திசையைப் பார்த்தது என்பது மட்டும் உள்ளே ஒரு காமிராவின் ஃபிலிமில் பதியும். அது கெட்டால், வந்த கதிர் அன்னத்துடையதுதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அந்தத் தடவை கருவி இருந்த பெட்டியைப் பலூனிலிருந்து கழற்றிவிடும் விசை நேரத்துக்கு வேலை செய்யவில்லை. பலூன் காற்றோடு போய்விட்டது. நானோ தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காகத் திருவள்ளூர் வந்திருந்தேன். கோயில் கைங்கரியம் முடித்து வந்த அப்பாதான் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தந்தியை வாங்கினார். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அவசரமாகப் பிரித்தார். பெட்டி கும்மிடிப்பூண்டி அருகே விழுந்திருக்கிறது, உடனே போ என்று இருந்தது. "நாளைக்கு மாப்பிள்ளை ஆத்துக்காரா வரா. நீ பெட்டி பொறுக்கப் போறயா?" என்றார். நான் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தேன்.

புதுவாயலில் பஸ் மாறி, கடைசி மூன்று மைல் வரப்பில் நடந்து வந்தேன். கொல்லையைச் சுற்றிக் கூட்டம். கூலியாட்களின் மேஸ்திரி கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒடச்சாதான் உள்ள இன்னா கீதுன்னு தெரியும். பாம் வெடிச்சா இன்னா பண்ணுவ?"

"பாம்முனா நான்தானே மொதல்ல சாவறேன். நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?" என்றீர்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "இது எங்க பெட்டி" என்று கத்தினேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. எந்த ஊரிலிருந்து விட்டோம், உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்தீர்கள். "ஃபிலிம்" என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் இறங்கினீர்கள்.

பெட்டியில் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தோம். இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்காததால் தமிழில் ஒட்டவில்லை. கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

"ஆந்திராவுல தடா பக்கம் நம்ம ஊரு. எங்க நைனா தெலுங்கு படிக்க வெச்சாரு. 'தெறக்காதீங்க, உள்ள ஃபிலிம் கீது, வெளிச்சம் படக்கூடாது, தந்தி குடுங்க'ன்னு போட்டுக்குது. மூலை வேற ஒடஞ்சிக்கினு இருந்திச்சி. அதான் கோணியப் போத்தி குந்திக்கினேன்."

முதல் நாள் சாயங்காலம் குந்தியவர். உங்கள் வீட்டுக்காரரைத் தந்தி கொடுக்க அனுப்பிவிட்டு, கஞ்சியையும் அங்கேயே வாங்கிக் குடித்திருந்தீர்கள். அன்றைய கூலியும் போயிருந்தது. "வேலைக்கி ஆவுமா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

ஆனது அக்கா! இருட்டறையில் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு கட்டமும் பளிச்சென்று இருந்தது. மணிக்கணக்காகக் கருவி அன்னத்தையே பார்த்திருக்கிறது. கதிர்களோ ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு நொடிக்குள் எகிறின, விழுந்தன, மறுபடி எகிறின. தாழ்வாரத்தில் ஓடிப்போய்க் கூச்சலிட்டேன். பெரியவர்களெல்லாம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன். நடவிலிருந்து கரையேறி, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோட்டின்மேல் விரலை ஓட்டினீர்கள்.

"இன்னாம்மா இது, மேஸ்திரி மூஞ்சி மாறி நிமிசத்துக்கு நிமிசம் ஏறி எறங்குது! கண்ணுக்கே தெரியாததா இத்தினி ஆட்டம் ஆடுது?"

"ஆமாக்கா. அது தெரியாது. அதுக்குள்ள விழற வாயு போடற கூச்சல்தான் இது."

கைகொட்டிச் சிரித்தீர்கள். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க மட்டும் ஏன் புள்ளி புள்ளியா கீது?"

மேலே குளிரில் காமிரா கொஞ்ச நேரம் நின்றுபோனதைச் சொன்னேன். கருவி எங்கே பார்த்தது என்று தெரியாததால் அந்த நேரத்துக் கணக்கைத் தள்ளிவிட்டிருந்தேன். இரண்டு பக்கமும் கதிர்கள் உயரத்தில் இருந்ததால், நடுவிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானே இணைத்திருந்தேன்.

"அந்த நேரம் நீங்க பாக்கல இல்ல?"

"இல்ல."

"பாக்காதத ஏன் கோடு போட்ற?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. திரும்பும் பஸ்ஸில், புதுவாயல் தாண்டுவதற்குள், பையிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டேன். வெற்றிடத்தோடுதான் கட்டுரை அச்சாயிற்று. பிற்பாடு, அதே மணிகளில் அன்னத்தைப் பார்த்திருந்த வேறொரு நாட்டுக் குழுவின் பதிவு எங்கள் கைக்கு வந்தது. நான் கோடு போட்ட அந்த இடத்தில் கதிர்கள் சடசடவென்று சரிந்திருந்தன. உடனே உங்களுக்குத் தெலுங்கில் ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

போன தை மாதம் நீங்கள் போய்விட்டதை உங்கள் மகள் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது ஓர் இரும்பு ஆலை. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

நான் ஓய்வு பெறும்வரை போட்ட படங்களில் எல்லாம் இடைவெளிகள் இடைவெளிகளாகவே நின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகள், "இதை ஏன் மேடம் இணைக்கலை?" என்று கேட்பார்கள். "பாக்கல" என்பேன், உங்கள் குரலிலேயே.