குளிர் அறைக்குப் போன சரித்திரக்காரிக்கு

இன்று காலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் கம்பெனி வேனுக்காக நாலைந்து பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, சித்திரை வெயிலில் கையில் ஸ்வெட்டர். பூக்காரம்மா என்னைப் பார்த்து, "இந்த வேக்காட்டுல இதுங்களுக்கு இன்னாத்துக்கும்மா கம்பளி?" என்றாள். உள்ளே ஏசி என்றேன். சொல்லும்போதே வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அது இன்னும் போகவில்லை.

நான் அறிந்து நம் ராயபுரத்திலிருந்து வேலைக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போன முதல் பெண் நீதான். எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் நாம் இருவரும் பஞ்ச் ஆபரேட்டர்கள். ஆட்களின் வருகையையும் சம்பளத்தையும் அட்டைகளில் துளைகளாக அடித்துக் கொடுப்பது நம் வேலை. அந்த அட்டைகளைத் தின்கிற கம்ப்யூட்டர், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசியில் சொகுசாக இருந்தது. நமக்கு மின்விசிறி. அட்டைகள் பறக்கும் என்று அதையும் மெதுவாகத்தான் ஓடவிடுவார்கள்.

புரோகிராமர் ஒருவர் வேண்டும், பட்டதாரிகள் யார் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம் என்று அதிகாரி அறிவித்தார். ஒரே ஓர் இடம். நான் பி.எஸ்ஸி. கணிதம். நீ பி.ஏ. சரித்திரம், கூட்டலுக்கே விரல் மடக்குகிறவள். அந்த இடம் எனக்குத்தான் என்று உன் அம்மாவே முடிவு கட்டிவிட்டார்கள். "அது கணக்குப் படிச்ச பொண்ணு. நீ சும்மா போய்க் குந்திட்டு வா" என்றுதான் உன்னை அனுப்பினார்கள்.

தானாக யோசிக்கத் தெரியாமல், சொன்னதை மட்டும் செய்கிற ஒருவனுக்கு ஏதாவது ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் கேள்வி. நான் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியை எழுதினேன். நாலே வரி, பார்க்கவே அழகாக இருந்தது. நீ ராயபுரம் ரயில்வே கேட்டைக் கடப்பது எப்படி என்று எழுதினாய். கேட் மூடியிருந்தால் நில். வண்டி போனதா பார். போனாலும் நகராதே, துறைமுகத்து கூட்ஸ் பின்னாலேயே திரும்பி வரும். கேட் திறந்ததா பார். திறக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. வெளியே வந்து நீ இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். மறுவாரம், மிஷினுக்கும் இப்படித்தான் சொல்ல வேண்டும், இடம் உனக்கு என்று சொன்னார்கள்.

ஆறு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் அடுத்த பெயர் என்றார் அதிகாரி. அடுத்த பெயர் என்னுடையது. என் பொறாமையை நான் ஒளித்தவள் இல்லை. பஸ்ஸில் உன் முகத்துக்கு நேராகவே, "உன்னப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுடீ" என்றேன். நீ ஸ்வெட்டரை மடியில் மடித்துக்கொண்டே, "எரிஞ்சா எரியட்டும். எனக்கு உள்ள வெடவெடன்னு குளிருது. நீ வந்து பக்கத்துல குந்திக்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு உன் முதல் சம்பளச் சீட்டு புரோகிராம் ஓடியது. பிரிவு பிரிவாகச் சீட்டுகள் அச்சாகி வந்தன. கடைசிப் பிரிவான கிரேன் ஆட்களுக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. மறுநாள் சம்பளம். அவர்கள் கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "இன்னாம்மா, எங்க பேரு மட்டும் மிஷினுக்குப் பேஜாராக்கீதா?" என்று ஒருவர் கேட்டார். அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டு, உன் எதிரிலேயே சொன்னார்: "நீங்க கணிதம் படிச்சவங்க. தப்பைக் கண்டுபிடிங்க. இந்த நாற்காலி உங்களுக்கு."

பகல் முழுவதும் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டலையும் பெருக்கலையும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் உன் வீட்டில் ஜெபமாலை. நானும் வந்து முழங்காலிட்டேன். பத்துச் சின்ன மணி, ஒரு பெரிய மணி, மறுபடி பத்து. கடைசிப் பத்தான ஐந்தாவது பத்து முடிந்ததும் நீ சட்டென்று நிறுத்திவிட்டாய். உன் அம்மா முறைத்தார்கள். "இதுக்கு அப்புறம் பெரிய மணி இல்லடீ" என்று என் காதில் சொன்னாய். ஜெபம் முடிந்த பிறகுதான் எனக்கு விளக்கினாய். புரோகிராமையே ஜெபமாலையைப் பார்த்துத்தான் எழுதினாயாம். பெரிய மணி வந்தால் முந்தைய பத்து முடிந்தது. அதேபோல, அடுத்த பிரிவின் முதல் அட்டை வந்தால் முந்தைய பிரிவை அச்சிடு. கிரேன் பிரிவுக்கு அடுத்த பிரிவு கிடையாது. வராத பெரிய மணிக்காக மிஷின் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து நானும் அதே மணிகளைத்தான் உருட்டினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால் வலி. இடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மறுநாள் கிரேன் ஆட்களுக்குச் சீட்டு வந்தது. நாற்காலி உனக்கு நிரந்தரமாயிற்று. இரண்டு வருடம் கழித்து இன்னோர் இடம் வந்தபோது மறுபடி பரீட்சை எழுதினேன். சமன்பாட்டுப் பக்கமே போகவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பது எப்படி என்று எழுதினேன். "நல்லாருக்கு, அவங்க மாதிரியே எழுதுறீங்க" என்றார் அதிகாரி. வேலை கிடைத்த சந்தோஷத்தை அந்த ஒரு வார்த்தை பாதியாக்கிவிட்டது.

அதன்பின் ஓய்வு பெறும்வரை பக்கத்துப் பக்கத்து மேசை. புதிதாக வருகிறவர்கள் என் படிப்பைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். உன் படிப்பைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரித்திரம் படிச்சிட்டு எப்படி மேடம் இங்க வந்தீங்க?" என்பார்கள். நானும் அதே வேலையைத்தான் செய்தேன். என்னிடம் யாரும் நாற்காலியை இழுத்துப் போட்டதில்லை.

உன் அடக்கத்தன்று எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் பெட்டியைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, இதிலும் முந்திக்கொண்டாளே என்பதுதான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உன் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொண்டேன். அது கடவுளிடம் கேட்டது. உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். அங்கே என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் வந்து சேரும்வரை நீ எதையும் கற்றுக்கொள்ளாமல் சும்மா இரு. ஒரு தடவையாவது சேர்ந்து ஆரம்பிப்போம்.