பன்னிரண்டாவது ஆட்டம் முடிந்த பிறகு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வழியில்லாமல் போனை அணைத்து வைத்திருக்கிறாய். செஸ் போட்டி நடந்த மூன்று வாரமும் அணைத்து வைத்தாய், சரி, அங்கே விதி அப்படியாம், பொறுத்துக்கொண்டேன். முடிந்து நாலு நாள் ஆகிறதே, இன்னும் என்ன? உன் பயிற்சியாளரைக் கூப்பிட்டால், "ரெஸ்ட்ல இருக்கா மேடம்" என்கிறார். பெற்றவளுக்கு மேடம் பட்டம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், கடிதத்தை அணைத்து வைக்க முடியாது பார்.

நீ அங்கே ஆடியது உனக்குத் தெரியும், இங்கே நாங்கள் பட்டது தெரியாது. ஆட்டம் தொடங்கும்போது நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருப்பேன். எங்கள் மேற்பார்வை அக்கா தன் போனைச் சோப்புத்தூள் டப்பாவில் சாய்த்து வைப்பாள், சூட்டோடு வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே நாலு பேரும் பார்ப்போம். முதல் நாள் அக்கா, "ஏண்டி, ரெண்டு பேரும் ஒரு மணி நேரமா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவளே, "நம்ம பொண்ணு குதிரையைக் கிளப்பாம என்ன பண்றா" என்று பல்லைக் கடித்தாள். வேலை முடிந்ததும் மிச்ச ஆட்டத்துக்கு வீட்டுக்கு ஓடி வருவேன், அங்கே உன் சித்தப்பா எனக்கு முன்னால் வந்து நாற்காலியைப் பிடித்திருப்பார். திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்குகிறதே, யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டுவது, அவருடைய ஞானம் முழுக்க அந்தப் பட்டையில்தான். அப்பாவோ உன் கடிகாரத்தில் மிச்ச நேரம் பத்து நிமிஷத்துக்குக் கீழே போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார், "நல்ல சேதின்னா மட்டும் கூப்பிடு" என்று. ஊரிலுள்ள லிஃப்ட்டை எல்லாம் பழுது பார்க்கிற மனுஷன், ஏழு மாடியும் நடந்தே ஏறி இறங்கினார். இப்போது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, தைலம் தேய்க்க வந்தால் வேண்டாம் என்கிறார்.

ஒன்பதாவது ஆட்டத்தில் பட்டை உன் பக்கம் உச்சிக்கே போய்விட்டது. சித்தப்பா எழுந்து நின்று கை தட்டினார். நீ முப்பத்தைந்து நிமிஷம் யோசித்து வேறு எதையோ நகர்த்தினாய், பட்டை சரிந்தது, ஆட்டம் டிரா. "கையில கிடைச்சதைக் கோட்டை விட்டுட்டாளே அண்ணி! யானையை ரெண்டு கட்டம் தள்ளியிருந்தா முடிஞ்சது. இது கூடத் தெரியாம பத்து வருஷமா என்னத்தை ஆடறா?" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆனால் என்ன பதில் சொல்ல, யானை எது மந்திரி எது என்றே எனக்கு அந்த வாரம்தான் பிடிபட்டிருந்தது.

கடைசி ஆட்டத்தன்று இரண்டு பேரும் சமமாக நிற்கிறீர்கள். நான் பார்சல் ஒட்டும் டேப்பை எடுத்து டிவியில் அந்தப் பட்டையின் மேலேயே ஒட்டிவிட்டேன். "இப்ப சொல்லுங்க தம்பி, அடுத்து என்ன ஆடணும்?" என்றேன். யானை என்றார், இல்லை ராணி என்றார், இருங்க அண்ணி என்றார், ஒரு மணி நேரம் வியர்த்து உட்கார்ந்துவிட்டு, "இது ரொம்ப கஷ்டம் அண்ணி" என்றார். பன்னிரண்டு ஆட்டத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை. அப்புறம்தான் எதிரே இருந்தவள் டிரா கேட்டாள். ஒத்துக்கொண்டால் மறுநாள் வேக ஆட்டம், இன்னொரு வாய்ப்பு. நீ தலையை ஆட்டி மறுத்துவிட்டாய். "வாங்கிக்கோடி, வாங்கிக்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக் கதவு திறந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நீயே கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாய். படியிலிருந்து என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார், வாசலுக்கு வந்த என் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நீ தோற்றதைக் கூட விழுங்கிவிடுவேன். அதற்கப்புறம் மைக்கோடு வந்தவன் வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பார்களே என்று கேட்டானே, அதற்கு நீ சிரித்துக்கொண்டே, "அப்பா பாத்திருப்பார், அம்மா பாத்திருக்க மாட்டாங்க, அவங்களுக்கு இது பிடிக்காது" என்றாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. உன் சித்தப்பா கூட என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். நீ கல்லூரியை விட்டபோது, "இந்த மரக்கட்டையை வச்சு என்ன கிழிக்கப் போறே" என்று கேட்டவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் போனில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமே என்ற வீம்பு. அதற்காக உலகமே பார்க்கிற இடத்தில் அப்படியா சொல்வாய்? நாலாவது ஆட்டத்தில் மேஜைக்கடியில் இடது செருப்பைக் கழற்றிவிட்டு, மறந்து, ஒற்றைச் செருப்போடு தண்ணீர் குடிக்கப் போனாய். ஏழாவதில் ஒரு தோட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாய், எட்டாவதுக்கு இரண்டு காதும் வெறுமையாக வந்தாய். கடைசி ஆட்டத்தில் நீ கை நீட்டுவதற்கு இருபது நிமிஷம் முன்பே உன் கட்டைவிரல் உள்ளே மடிந்துவிட்டது, சின்ன வயசில் ஊசி போட வரும்போது மடிப்பாயே, அப்படி. யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. பார்க்காதவளா நான்?

கண் நிறையத் தூங்கு. யார் என்ன எழுதினாலும் படிக்காதே. நீ வைக்கிற ஒவ்வொரு அடியும் உனக்கு நல்லதாகவே அமையட்டும், தலை நிமிர்ந்து நன்றாக இரு. இது கைக்கு வந்ததும் மறக்காமல் போனைப் போட்டுக் கூப்பிடு. அந்த டிராவை ஏன் வேண்டாம் என்றாய், முதலில் அதைச் சொல், எனக்குப் புரிகிற வரைக்கும் சொல். சாப்பிட்டாயா என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் கோபம் தீராத உன்
அம்மா