செல்லையா ரோட்டுச் சம்பந்தம்

பிளாட் புஷ், ஆக்லாந்து.
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கீதனுக்கு,

அப்பா தன் கையால் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அக்கா விஷாலினியும் மாப்பிள்ளை பிரசாத்தும் முருகன் காப்பில் சுகமாக இருக்கிறோம். அங்கே நார்வேயில் நீயும் மருமகள் மாரித்தும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு ஏற்றும்போது சொல்லிக்கொள்கிறோம்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்ததுமே இது அக்கா எழுதியது இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஆமாம் தம்பி, அப்பாதான். கை நடுங்கவில்லை, எழுத்துத்தான் நடுங்குகிறது. ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு காலைப் பொழுது போகிறது, நடுவில் அம்மா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறாள், இன்னும் இந்த வரியிலேயா இருக்கிறீர்கள், பேரப்பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போவதற்குள் முடித்துவிடுவீர்களா என்கிறாள். சொல்லட்டும். எனக்கு இதில் இருக்கிற சந்தோஷம் அவளுக்குப் புரியாது, அவள் சிறுவயதிலேயே படித்தவள். கடையில் மசாலாப் பாக்கெட்டை மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குகிற நான் இப்போது பெருஞ்சீரகம் என்று வாசித்து வாங்குகிறேன். வாசித்த பிறகும் ஒருமுறை மோந்துதான் பார்க்கிறேன், பழக்கம் போகவில்லை.

ஒடாஹுஹுவில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது, அக்காதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். சொல்லிக்கொடுக்கிறவர் கஜானி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஓம் என்பார், நான் ஆமா என்பேன், பேசு என்பதற்கு அவர் கதை என்றால் நான் கதை சொல்லச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், அப்படித்தான் முதல் வாரங்கள் போயின. எழுபது தாண்டிய ஆளுக்கு முதலில் எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பது என்று யோசித்துவிட்டு, உங்கட பேரிலேயே துவங்குவம் ஐயா என்றார். மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவின காலம் முழுக்கப் பெருவிரலை மையில் தேய்த்துப் பழகினவன் நான். சி வந்தது, வ வந்தது, னே தான் என்னை ரொம்பச் சோதித்தது. சத்தத்தில் ன முன்னால் கேட்கிறது, ஏ பின்னால் கேட்கிறது, எழுத்தில் மட்டும் கொம்பு முன்னால் போய் நின்றுகொள்கிறது, இது என்ன நியாயம் என்று டீச்சரிடம் கேட்டேன். முன்னுக்கு நிக்கிறதெல்லாம் முதலிலயே கேக்க வேணும் எண்டு இல்லை ஐயா என்று சிரித்தார். சிவனேசன் என்று முழுதாக எழுதி முடித்த அன்று அந்தத் தாளை மடிக்காமல் பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம்தான் நீ போன் செய்தாய். மாரித்தின் குடும்பப் பெயரை நீயும் எடுத்துக்கொள்ளலாமா, பிள்ளை பிறப்பதற்குள் பதிந்துவிட்டால் மூன்று பேருக்கும் ஒரே பெயர் இருக்கும், அப்பா சம்மதித்தால்தான் செய்வேன், இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்று கேட்டாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு தடவை நீ பேசினாய், இரண்டு தடவையும் குளிர் எப்படி, மழை எப்படி என்றுதான் கேட்டாயே தவிர அதைக் கேட்கவில்லை. நீ காத்திருப்பது எனக்குத் தெரியும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வலித்தது. வாழ்நாளெல்லாம் எழுதத் தெரியாத பெயரை இப்போதுதான் எழுதப் பழகினேன், பழகின கையோடு அது உன் பெயரிலிருந்து கழன்று விழுகிறதே என்று இருந்தது.

அம்மா என்னைவிடக் கொதித்துப்போனாள். பெண்டாட்டி பெயரையா வைத்துக்கொள்வான், ஊரில் கேட்டால் வீட்டோடு மாப்பிள்ளை என்று சிரிப்பார்கள், அதுவும் செல்லையா ரோடு என்ற பெயரையா என்றாள். உன் கல்யாணத்தின்போது நீ செல்யெரூட் என்று சொன்னது அவள் காதில் செல்லையா ரோடு என்றுதான் விழுந்தது, அது உனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைக் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தது உனக்குத் தெரியாது. பெண் வீட்டார் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் செல்லையா ரோட்டில் என்று சொல்லியிருக்கிறாள். நம் கோயிலுக்கு வரும் ஜெயரட்ணம் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, நோர்வேயில எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம் எண்டு தெரியும், ரோட்டுக்கும் பேர் வைச்சிட்டாங்களோ என்று பெருமைப்பட்டு நாலு பேரிடம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்தால் செல்லையா ரோட்டுச் சம்பந்தி சுகமோ என்றுதான் கேட்கிறார். நாங்கள் மட்டுமா அப்படி, அங்கே மாரித்தின் அத்தை நம் பெயரைக் கேட்டுவிட்டு, சென் என்று முடிகிறதே, சிவனே என்பவரின் மகனா நீ, உங்கள் நாட்டிலும் எங்களைப் போலத்தானா என்று உன்னைக் கேட்டாராமே. அவர் ஊர்ப் பேச்சில் சென் என்றால் மகன் என்று நீ சொல்லிச் சிரித்தாய். நானும் அன்று சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் தப்பாகக் கேட்டும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மலேசியாவில் உன் ஐசி அடையாள அட்டையில் கீதன் அனாக் லெலாகி சிவனேசன் என்று போட்டிருந்தார்களே, அனாக் லெலாகி என்றாலும் மகன்தானே.

அவர்கள் பெயர் வந்த கதையை நீ சொன்னதை நான் மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், நினைவு சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். முன்காலத்தில் அங்கேயும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பன் பெயரோடு சென் சேர்த்துக்கொள்வார்கள், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும், நம்மைப் போலவே. அதற்குப் பின்னால் எந்தப் பண்ணையில் குடியிருக்கிறார்களோ அந்தப் பண்ணையின் பெயரைச் சொல்வார்கள், பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறிவிடும். நம் ஆட்களும் தோட்டத்தில் அப்படித்தான், எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்டுத்தான் ஆளையே அடையாளம் பிடிப்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கார் சட்டம் போட்டு இனி ஒவ்வொரு குடும்பமும் ஒரே பெயரோடு நிற்க வேண்டும் என்றதும் அவரவர் அன்று கையில் இருந்த பெயரோடு நின்றுவிட்டார்கள். நிறையப் பேர் சென்னோடு நின்றார்கள், அதனால்தான் அங்கே தெருவுக்குத் தெரு அதே பெயர்கள். மாரித்தின் பாட்டனார் பண்ணைப் பெயரோடு நின்றார். செல்யெ என்பது ஈர நிலத்தில் வளரும் ஒரு மரம், ரூட் என்றால் காடு வெட்டித் திருத்தின இடம். ஒரே ஒரு சின்னப் பண்ணை, அதிலிருந்து ஒரே குடும்பம், அதனால் அந்தப் பெயரும் அவ்வளவுதான். பண்ணையும் இப்போது இல்லை, திருத்தின இடத்தைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது என்றாய். பெயர் வைத்திருக்கிறவர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் மாரித்தைத் தவிர எல்லோரும் வயதானவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். வெளி ஆள் ஆசைப்பட்டு அப்படிப்பட்ட பெயரை எடுத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்காது, கட்டிக்கொண்டவன் எடுத்துக்கொள்ளலாம் என்றாய். அத்தை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, இவ்வளவு ஈரமான பெயரை வெயில் நாட்டுப் பிள்ளை தாங்குவானா என்று கேட்டதையும் சொன்னாய். அதை அவர் கேலியாகக் கேட்டார் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது கேலியாகத் தெரியவில்லை தம்பி. கேட்டு வாங்கத் தெரியாத ஒருவர் கேட்கிற விதம் அது.

இங்கே வீட்டில் இதற்கு ஒரு முடிவு வந்தது உன் அக்காவால்தான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அம்மா திரும்பவும் வீட்டோடு மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தாள். விஷாலினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் கல்யாணமாகி அப்பா பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைப் போட்டேனே, அன்றைக்கு இந்த வீட்டில் யாருக்காவது சோறு இறங்காமல் இருந்ததா அம்மா என்று கேட்டாள். அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிரசாத் தட்டைப் பார்த்தபடி இருந்தார். நான் அக்காவையே பார்த்தேன். அவள் பெயரிலிருந்து என் பெயர் போனதை அன்று அவள் சொல்லித்தான் அறிந்தேன். என்னை யாரும் கேட்கவும் இல்லை, நான் தேடவும் இல்லை. மகள் பெயரில் இல்லாமல் போனபோது வலிக்காத பெயர் மகன் பெயரிலிருந்து போனால் மட்டும் ஏன் வலிக்கிறது என்று இரண்டு நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் கையெழுத்துப் போடப் பழகினோம். நான் சிவனேசன் என்று எழுதிக் காட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டு, முதலெழுத்து எங்க ஐயா, தகப்பன் இல்லாமலோ பிறந்தனீங்கள் என்றார். பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். என் அப்பா பெயர் நாகன். அவர் பெயரை நான் எங்கேயும் எழுதிப் பார்த்ததில்லை, அவருக்குக் கல்லறை மேடும் கிடையாது, பெயர் செதுக்கிய பலகையும் கிடையாது. நா என்று எழுதி ஒரு புள்ளி வைத்தேன். தம்பி, அந்த ஒரு எழுத்தில் என் அப்பா வந்து என் பெயருக்கு முன்னால் நின்றார். காடு வெட்டி ரப்பர் நட்டவர்களில் அவரும் ஒருவர், அந்த இடத்துக்கு வெள்ளைக்காரத் துரையின் பெயரை வைத்தார்கள். அவருடைய அப்பா பெயர் என்ன என்று யோசித்தேன், எனக்குத் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. நம் பக்கத்தில் ஒரு பெயர் தன் பிள்ளைக்கு முன்னால் ஒரு எழுத்தாக நின்றுவிட்டு, பிள்ளையோடு போய்விடும், அதுதான் வழக்கம், அதில் யாருக்கும் குறை இல்லை. என் பெயர் உன்னோடு நின்றுபோவதற்கென்றே வந்தது. அவர்கள் பெயர் அப்படி இல்லை, அது பின்னால் வருகிறவர்களுக்கென்று சேர்த்துக்கொண்டு வந்த பெயர். அது நின்றுபோவதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன்.

அதனால் எடுத்துக்கொள் தம்பி. முழு மனதோடு சொல்கிறேன், செல்யெரூட் என்று பதிந்துகொள். அத்தையிடம் போய், வெயில் நாட்டுப் பிள்ளை தாங்குவான், காடு திருத்தினவனுடைய பேரன்தான் அவன் என்று அவன் அப்பா சொன்னார் என்று அவர் காது கேட்கிறபோதே சொல். ஒரே ஒன்று கேட்கிறேன். முன்னால் என் எழுத்தை வைத்துக்கொள். சி. கீதன் செல்யெரூட். அங்கே அலுவலகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சண்டை போடாதே, தமிழில் கையெழுத்துப் போடும்போது போட்டால் போதும். பிள்ளைக்கு என் எழுத்தைப் போடக் கூடாது, தாத்தா ஆசைப்படுவார் என்று நினைத்துப் போட்டுவிடாதே. பிள்ளைக்கு முன்னால் நிற்க வேண்டியவன் நீ. கீ என்று எழுதிப் புள்ளி வை. நானே எழுதிப் பார்த்தேன், அழகாக இருக்கிறது, என் கையில் இதுவரை வந்த எழுத்துகளில் இதுதான் நேராக வந்திருக்கிறது.

மற்றபடி இங்கே பனி விட்டு வெயில் எட்டிப் பார்க்கிறது. நான் நடக்கப் போகிற ஓடைக் கரையில் சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி வால் மாதிரி மொட்டு விட்டிருக்கிற மரங்களைப் பிரசாத்திடம் காட்டிக் கேட்டேன், அவர் போனில் தேடிப் பார்த்து, மாமா, இது உங்கள் செல்யெவுக்குச் சொந்தக்கார மரம்தான், ஆனால் இங்கே இதைக் களை என்று பிடுங்குகிறார்கள் என்றார். ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுவந்து அம்மாவிடம் காட்டி, இதுதான் உன் செல்லையா என்றேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் அந்த மொட்டைத் தடவிக்கொண்டிருந்தவள், பிறகு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள். அவள் சம்மதத்தை இதற்கு மேல் கேட்காதே, அதுதான் சம்மதம்.

மாரித்தை இரும்புச் சட்டி தூக்க விடாதே, பனி விழ ஆரம்பித்தால் வாசலை நீயே கூட்டு. குளிர் என்று குளிக்காமல் இருக்காதே. அம்மா நல்லெண்ணெயும் பெருங்காயமும் பார்சல் செய்திருக்கிறாள், மேலே எழுதியிருப்பதை நான்தான் வாசித்து வாங்கினேன். பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்து வைக்க மறந்துவிடாதே, அம்மா ஜாதகம் பார்க்க வேண்டும் என்கிறாள். எல்லாப் புகழும் நீடித்த ஆயுளும் பெற்று மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் நிறைந்து வாழ முருகன் துணை நிற்கட்டும்.

விஷாலினிக்கும் ஒரு தாளில் சி. விஷாலினி என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கவரின் மேல் விலாசத்தை ஆங்கிலத்தில் அவள்தான் எழுதுவாள், உன் பெயரை மட்டும் அதற்கு மேலே நான் தமிழில் எழுதுகிறேன். தபால்காரருக்குப் புரியாது, உனக்குப் புரியும். நீ பதிவதற்கு முன்னாலேயே உன் புதுப் பெயரை முதலில் எழுதினது அப்பாவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நா. சிவனேசன்