சப்-ஜெயிலில் ஒரு பிடிச் சோறு

1973 ஆடி, ஞாயிறு இரவு. ஆவடி.

தம்பி முருகேசனைப் பார்க்கப் பூந்தமல்லி சப்-ஜெயிலுக்குப் போனேன். தொழிற்சாலை வாசலில் நடந்த அடிதடியில் அவனையும் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி டிபன் கேரியரை என் வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

அப்பாவின் வெள்ளானூர் நிலத்தை என்னைக் கேட்காமல் விற்றவன் அவன். அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் கை நனைத்ததில்லை. அவன் கல்யாணத்தில்கூடப் பந்தியில் உட்காராமல் திரும்பினேன். அதற்காக எனக்கு இன்றும் வருத்தமில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தாடியோடு நின்றான். காவலுக்கு நின்ற வார்டரிடம் கேரியரைக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து என் பக்கமே தள்ளினார்.

"கொண்டாந்தவங்க ஒரு வாய் துன்னு காட்டணும். அப்பத்தான் உள்ள போவும்."

"கவர்ன்மெண்டு உத்தியோகத்துல இருக்கறவன் நான். என் தம்பிக்கு நானே விஷம் வைப்பேனா?"

"யாரா இருந்தா இன்னா சார்? துன்னு, இல்லாட்டி எடுத்துகினு போ."

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மீன் குழம்புச் சோற்றில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். அவன் சிரித்தான்.

"எங்க ஊட்டு சோத்த நீ துன்றதப் பாக்க, நான் ஜெயிலுக்கு வரவேண்டியதாப் பூட்ச்சி பாரு அண்ணாத்தே!"

சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணிவிட்டது. வலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே, "உப்பு சரியா கீதா?" என்று கேட்டான்.

தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் சோறு இருந்ததால்தான் நான் பேசவில்லை என்று அவன் நினைத்திருக்கட்டும்.