காட்டுப்பள்ளியில் ஒரு சின்ன வூடு

என்னைப் பொறுத்துப் பொறுத்தே ஆயுளைக் கழித்த தணிகாசலம் மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த அன்றைக்குக்கூட நான் வாயடைத்து நின்றதில்லை. துக்கத்துக்கு வந்தவர்களை வாசலிலேயே மடக்கி, நீங்கள் கடைசியாகக் காபி கேட்டதையும், அது வருவதற்குள் கண்ணை மூடியதையும், அந்தக் காபியை என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்துவிட்டதையும் ஒருவர் விடாமல் சொன்னேன். பாடை கட்ட வந்தவர், "கொஞ்சம் அப்பால நவுந்துக்கினு பேசு நைனா" என்று கெஞ்சும்படி ஆயிற்று. அப்பேர்ப்பட்ட நான், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர் கழிமுகத்தில், நடுத்தண்ணீரில், படகுப் பலகையில் பேச்சு மூச்சு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் அந்த அதிர்ச்சி போகவில்லை. என்ன காரியம் செய்திருக்கிறீர்கள் மாமா?

எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் மாப்பிள்ளைதான். நாக்பூர் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கிறவருக்குத் தீவு எதற்கு? ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் தென்னை மரமும் வெள்ளை மணலுமாகப் படம் பார்த்திருக்கிறார். இந்த லீவுக்கு வசந்தாவையும் பிள்ளைகளையும் அழைத்து வருவதாகவும், எல்லோரும் சேர்ந்து ஒரு தீவில் தங்க வேண்டுமென்றும், காற்றோட்டமாக, கடலைப் பார்த்தபடி நல்ல இடமாகப் பிடித்து வைக்கும்படியும் எழுதிவிட்டார். நாம் இருப்பதோ ராயபுரம். கொல்லைக் கதவைத் திறந்தால் கடல் உள்ளே வந்து உட்காரும் வீடு. உங்கள் வீட்டுக்காரியான என் அக்கா கேட்டாள்: "இங்க கீற கடலுக்கு இன்னா கொறச்சலாம்? உப்பு பத்தலயாமா?"

உங்கள் மகள் வசந்தா வருகிறாளே என்பதற்காக நாங்களும் தீவு தேடினோம். இலங்கை என்றேன். அதற்கு இப்போது பாஸ்போர்ட் வேண்டுமாம். அந்தக் காலத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் போய்வந்த ஊர். ராமேசுவரம் என்றேன். "அங்க போனா ஊர் சுத்தறதா ஆவாது, திதி குடுக்கறதா ஆயிடும்" என்றாள் அக்கா. என் மனைவி கோமளா ரொம்ப நேரம் யோசித்து, "தீவுதானே வேணும்? தீவுத்திடல்ல ஒரு கூடாரம் போட்டுக்கலாமே, சுத்தி கூவம் ஓடுது" என்றாள். மாப்பிள்ளைமீது அவளுக்கு என்ன கோபமோ.

கடைசியில் யாரோ காட்டுப்பள்ளி என்றார்கள். எண்ணூரில் கழிமுகத்தைத் தாண்டினால் தீவு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் காற்று வாங்கக் கட்டிய பங்களா அங்கே இருக்கிறது, துரை கப்பலேறிய பிறகு வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பார்த்துவிட்டு வரக் கிளம்பியபோது அக்காவும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். எனக்கே ஆச்சரியம். உங்கள் முதல் திதி முடிந்தும் அவள் தெருமுனை தாண்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்ல அவளுக்கு ஒரே பேச்சுதான் மிச்சம் இருந்தது: "அந்த மன்ஷன் எனக்குத் தெரியாம ஒரு பீடி கூட குடிச்சதில்ல." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் பழைய களை வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூரில் இறங்கி, கழிமுகத்துக்கு நடந்தோம். படகுக்காரர் பெயர் ஏழுமலை. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவு கேட்டால் போதாதா எனக்கு? ஊர், தெரு, வீட்டின் கதை, நான் உங்கள் வீட்டுப் பின்கட்டில் கொஞ்ச நாளைக்கென்று குடிவந்து அப்படியே தங்கிவிட்ட வரலாறு எல்லாம் சொல்லி, உங்களிடம் வந்து சேர்ந்தேன்.

"எங்க மாமா ஹார்பர்ல சரக்கு எண்ற டாலி கிளார்க்கு. தணிகாசலம்னு பேரு. ஞாயித்துக்கெழம கூட ஓவர்டைம் பாத்த மனுஷன்!"

ஏழுமலை கழியை நிறுத்தினார். "தணிகாசலம் ஐயாவா? கண்ணாடி போட்டுக்கினு, கொடை வச்சிக்கினு?"

"அவரேதான்!" உங்கள் புகழ் கழிமுகம் வரை பரவியிருக்கிறதே என்று பூரித்துப் போனேன்.

"அட, நம்ம சின்ன வூட்டு ஐயா! ஞாயித்துக்கெயம தவறாம சின்ன வூட்டுக்கு வருவாரே! கொஞ்ச காலமா ஆளக் காணமேன்னு மரகதம் பேஜாராப் பூடுச்சு."

மாமா, படகு ஆடவில்லை, காற்றும் இல்லை. ஆனால் நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கோமளா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளை எனக்குத் தெரியும், அது துக்கம் அல்ல. நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த அதிர்ச்சியின் அடியில், நம் மாமாவா, பரவாயில்லையே என்று ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது.

அக்கா தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். "மரகதம் யாரு?"

"சின்ன வூட்டுக்கு அதானம்மா எல்லாம். ஐயா வர்சொல்ல நண்டு ஆக்கிப் போடும்."

நண்டு! வீட்டில் நண்டு என்றால் உடம்புக்கு ஆகாது என்று இலையைத் தள்ளி வைத்தவர் நீங்கள்.

"அக்கா, திரும்பிடலாமா?" என்றேன்.

"ஏன்டா திரும்பணும்? வூடு பாக்கத்தான வந்தோம்? பாத்துட்டே போவலாம்."

கரையில் இறங்கியதும் முந்தானையை இடுப்பில் செருகினாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் அப்படிச் செருகினால் மொத்த வரிசையும் பின்வாங்கும், உங்களுக்குத் தெரியும். அப்படி முன்னே நடந்தாள். நானும் கோமளாவும் மணலில் கால் புதையப் புதையப் பின்னால் ஓடினோம். அவளை எப்படித் தடுப்பது? தடுத்து என்ன சொல்வது? ஒரு வருஷமாக அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த அந்த ஒரு பேச்சு அங்கே செத்துக்கொண்டிருந்தது. உங்கள் சாவைத் தாங்கியவள் இதைத் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓடு வேய்ந்த பங்களாவின் நிழலில், வாட்டசாட்டமான ஒரு பெண்பிள்ளை மீனைக் கீறி உப்பு தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் வலைமேல் மல்லாந்து கிடந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வூடு பாக்க வந்தீங்களா? பெரிய வூடா, சின்ன வூடா?"

"சின்ன வூடு நீதானா?" என்றாள் அக்கா.

அந்தப் பெண்பிள்ளை தன்னைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "நானா? நான் மன்ஷிம்மா. மரகதம். அதோ கீது பாரு சின்ன வூடு."

சாவிக்கொத்தால் அவள் காட்டிய இடத்தில், பங்களாவுக்குப் பின்னால், ஒரு கீற்றுக் குடிசை. துரையின் சமையல்காரர் தங்கியிருந்த இடமாம். பங்களா பெரிய வூடு, குடிசை சின்ன வூடு. தீவு முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைக்கு ராயபுரத்தில் வேறொரு அர்த்தம் உண்டென்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

வலைமேல் கிடந்த புருஷனுக்குத்தான் முதலில் உறைத்தது. "அய்யய்ய! ஏ மரகதம், உன்ன இன்னான்னு கேக்குது புரியுதா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். பின்னால் வந்த ஏழுமலை நாக்கைக் கடித்துக்கொண்டார். மரகதத்துக்குப் புரிந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் தூரத்தில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அக்கா மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நீங்கள் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள் மாமா. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள்.

அதோடு நாங்கள் வாடகை பேசிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் உங்கள் பெண்டாட்டி என்பதையும் நீங்கள் போய்ச் சேர்ந்ததையும் மரகதத்திடம் சொன்னாள். மரகதம் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்போ அவரு இங்க வந்து இன்னாதான் செஞ்சாரு?"

"ஒண்ணுமே செய்ய மாட்டாரும்மா. வருவாரு, சட்டயக் கயட்டி ஆணியில மாட்டுவாரு, கயித்துக் கட்டில்ல படுப்பாரு. நீ குடுத்தனுப்பற புளிசோத்த எங்களுக்குக் குடுத்துட்டு, நண்டு துன்னுவாரு. நல்லா இருக்கும்மா உன் புளிசோறு. பொயுது சாய எந்திரிச்சுப் பூடுவாரு. பேச மாட்டாரு. நாங்களும் பேசக் கூடாது."

"ஏன் பேசக் கூடாது?"

"வூட்ல மச்சான் ஒர்த்தன் கீறானாம்மா. காத்தால கண்ண முயிச்சான்னா வாய மூட மாட்டானாம். காது ரெண்டும் புண்ணாப் பூடுச்சு மரகதம், ஒரு நாளாவது ஆறட்டும்னு சொல்வாரு." பிறகு, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "அந்தாளு இன்னும் உசுரோட கீறானா?"

"கீறாரு, கீறாரு" என்று கோமளா என்னைக் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

மரகதம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஏழுமலையும் பார்த்தார். அவள் புருஷன் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். கப்பலில் வந்த ஒட்டகத்தை ஹார்பரில் வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் பேசும்போதெல்லாம் கண்ணை மூடித் தலையை ஆட்டுவீர்களே, ரசிக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்! எந்தப் பெண்பிள்ளைக்காகவும் ஓடாத மனுஷரை, கழிமுகம் தாண்டி ஓட வைத்தவன் நான். என்னைவிட்டு ஓடிய நீங்கள் ஓவர்டைம் என்று பொய் வேறு சொல்லியிருக்கிறீர்கள். பொய் சொல்லத் தெரியாத உங்கள் வாய்க்கு அதையும் நான்தான் கற்றுக் கொடுத்தேனா?

இதற்குள் அக்கா சின்ன வூட்டுக்குள் போய்விட்டதை நான் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"வா அக்கா, பொழுதாச்சு. ஒண்ணும் தப்பு நடக்கலயே, அப்புறம் என்ன?"

"பொம்பள ஒர்த்தி இருந்திருந்தாகூட தாவலடா" என்றாள். "மயிரப் புடிச்சு இஸ்து ரெண்டு வச்சிட்டு, அப்பால குந்தி அயுதிருப்பேன். இங்க நான் யார அடிக்கிறது? கட்டிலயா?"

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டினாள், மூடிக்கொண்டேன்.

"உன் வாயி அவருக்கு மட்டுமா வலிச்சுது? எனக்கும்தான வலிச்சுது? ஞாயித்துக்கெயமயானா புளிசோறு கட்டிக் குடுத்துட்டு, உன் பேச்சக் கேட்டுக்கினு கெடந்தேனே. என்னயும் இட்டாந்திருந்தா நான் இங்க வந்து பேசிக்கினா இருந்திருப்பேன்? ஒரு ஓரமா குந்திக்கினு இருந்திருக்க மாட்டேன்?"

வாசலில் நின்ற மரகதம் மெதுவாகச் சொன்னாள்: "நானும் கேட்டேம்மா. அம்மாவ இட்டாறக் கூடாதான்னு. சிரிச்சுட்டு பூட்டாரு."

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் மாமா? கூப்பிட்டால் நானும் தொற்றிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்தீர்களா? அல்லது, சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவளும் உங்களுக்குச் சத்தமாகிவிட்டாளா? அவள் அதிகம் பேசுகிறவள்கூட இல்லையே. திரும்பி வரும் படகில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் வருவதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று ஏழுமலை கேட்டார்.

வாடகை பேசியது அக்காதான். இரண்டையும் எடுத்தாள். "மாப்புள்ள, வசந்தா, புள்ளைங்க, நீங்க ரெண்டு பேரும் பெரிய வூட்ல இருங்க. நான் சின்ன வூட்ல தங்கிக்கிறேன். ஒர்த்தரும் அந்தப் பக்கம் வரக் கூடாது" என்றாள்.

இப்போது அந்த லீவு நடந்துகொண்டிருக்கிறது. பெரிய வூட்டு வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் பேரப்பிள்ளைகள் வெயிலில் கறுத்து, யார் நம் பிள்ளை, யார் மரகதத்தின் பேரன் என்று தெரியாமல் திரிகிறார்கள். மாப்பிள்ளைக்கு மணல் படத்தில் பார்த்த அளவு வெள்ளையாக இல்லை என்று குறை. அதைத் தொப்பி போட்டுக்கொண்டு தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வசந்தா ஓடிவந்து அலையில் விழுகிறாள், கல்யாணத்துக்கு முன் பார்த்த வசந்தா மாதிரியே.

அக்கா குளிக்கவும் சாப்பிடவும் வருகிறாள், திரும்பிப் போய்ப் படலைச் சாத்திக்கொள்கிறாள். இன்று காலை அவள் நாஸ்டாவுக்கு வரவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு நானே போனேன். கிட்டப் போனதும் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. மரகதம் வெளியே மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கடலில். யாரிடம் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷம் விழித்தேன். பிறகு புரிந்தது. நீங்கள் எழுந்து போக முடியாத இடத்தில் உங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள் மாமா. முப்பது வருஷத்துப் பேச்சு இருக்கும் போலிருக்கிறது, நிறுத்தவே இல்லை.

கீற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் ஒரு வாக்கியம் முழுசாக விழுந்தது. என்னை உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தத்தை வைத்தே அங்கே என்ன சண்டை என்று சொல்கிறவன். இன்னொரு அடி எடுத்து வைத்தால் மற்றதும் கேட்டிருக்கும். இட்லித் தட்டைப் படலுக்கு வெளியே வைத்து மூடிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

"அண்ணி இன்னா பண்றாங்க?" என்று கேட்டாள் கோமளா.

"தூங்குறா" என்றேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடச் சொல்வேன். ஊரே படிக்கட்டும், என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். ஆனால் அந்த வாக்கியத்தை இதில் எழுத மாட்டேன். கோமளாவிடமும் சொல்ல மாட்டேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்குக் கொடுக்க முடியாத ஒன்றை இப்போது உங்கள் இருவருக்கும் கொடுக்கிறேன். அவள் பேசி முடிக்கும்வரை அந்தக் கீற்றுப் பக்கம் போக மாட்டேன், வேறு யாரையும் போக விடவும் மாட்டேன். இது சத்தியம். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

உங்கள் காதைப் புண்ணாக்கிய,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
பின்கட்டு மச்சான் பாலு